சீமாட்டியை ஏன் எரித்தேன்

குதிரையைக் குளிப்பாட்டும்போது தண்ணீரைக் காலில் இருந்துதான் தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே முதுகில் ஊற்றினால் அதற்குத் தூக்கிவாரிப் போடும். முதலில் குளம்பு, அப்புறம் முழங்கால், அப்புறம் தோள் என்று மெல்ல மேலே வர வேண்டும். நீங்கள் கொடுத்த தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. ஆனாலும் நான் காலில் இருந்தே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இது: "விசாரணைக்கு முன்பாகவே குதிரையின் உடலை எரிக்க முடிவு செய்தவர் யார், காரணம் என்ன?" யார் என்பதற்கு ஒரு வார்த்தை போதும். நான்தான். காரணத்துக்கு மூன்று கோடு போட்டிருக்கிறீர்கள். அது பத்தாது என்றதும் ஒரு கத்தைத் தாளைக் கொடுத்து, தேநீரும் வரவழைத்துவிட்டு, "நிதானமா எழுதுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லி வெளியே போனீர்கள். வேலையிடத்து விபத்துகளை விசாரிக்கிற அதிகாரி என்றதும் கடுகடுவென்று ஒருவர் வருவார் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் அப்படி இல்லை. அதனால் எனக்கும் எழுதுவது சுலபமாக இருக்கிறது.

இந்தக் குதிரையேற்றப் பள்ளியின் லாயத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். பதினோரு குதிரைகள். எது எந்தப் பக்கம் சாய்ந்து தூங்கும், எது இடி இடித்தால் தண்ணீர்த் தொட்டியை உதைக்கும், எது வயிற்றை உப்பிக்கொண்டு சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்க விடாமல் ஏமாற்றும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முதலாளியம்மாவுக்கே சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார். யாரிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை. என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு குறை சொல்ல மாட்டார்கள்.

சீமாட்டி வந்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால். செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. முன்பு இருந்த இடத்தில் அவளைப் படாத பாடு படுத்தியிருந்தார்கள். கடிவாளம் இழுத்து வாயோரம் கிழிந்து ஆறியிருந்தது. யாரையும் கிட்டே சேர்க்க மாட்டாள். கால்நடை டாக்டரின் சட்டைக் கையைப் பல்லால் கிழித்துவிட்டாள். "இது தேறாது, திருப்பி அனுப்பிடுங்க" என்று டாக்டர் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். தினமும் வேலை முடிந்ததும் அவள் அறைக்குள் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன். பேச மாட்டேன், தொட மாட்டேன். நாற்பது நாள் அப்படி உட்கார்ந்தேன். நாற்பத்தோராம் நாள் என் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தாள். இரண்டு மாதத்தில் என் கையால் கடிவாளம் மாட்டிக்கொண்டாள். பழைய புல்லைப் போட்டால் பெரிய வீட்டு அம்மாள் போல மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிடுவாள். அதனால் சீமாட்டி என்று பெயர் வைத்தேன். பெயரும் நான் வைத்ததுதான்.

எனக்கும் என் மனைவிக்கும் குழந்தை இல்லை. அதை ஒரு காரணமாகக் குறித்துக்கொள்ளாதீர்கள். எல்லாரும் அங்கேதான் போய் முட்டிக்கொள்கிறார்கள். சீமாட்டி எனக்குப் பிள்ளை மாதிரி இல்லை. அவள் ஒரு குதிரை, நான் அவளைக் கவனித்துக்கொண்டவன். அவளுக்கு என்னைத் தவிர வேறு ஆள் ஆகாது என்பது லாயம் முழுக்கத் தெரிந்த விஷயம். என் விடுமுறை நாளில் அவளுக்கும் விடுமுறை. அப்படித்தான் ஏழு வருடம் நடந்தது.

பிறகு என் மச்சினன் வந்தான். என் மனைவிக்கு ஒரே தம்பி, அப்போது இருபத்தொன்பது வயது. பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அதை மூடியதும் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தான்.

"ஏங்க, தம்பிய உங்ககூட வேலைக்கு வெச்சுக்கங்களேன். நாள் பூரா சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான், எனக்குப் பாக்கவே சகிக்கல" என்றாள் மனைவி.

நான்தான் முதலாளியம்மாவிடம் பேசி வேலை வாங்கிக் கொடுத்தேன். மண்வெட்டி பிடிப்பது முதல் எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். குதிரையிடம் இடப்பக்கம் இருந்துதான் போக வேண்டும், போகும்போது குரல் கொடுக்க வேண்டும், பின்னால் நிற்கக் கூடாது, சீமாட்டியின் அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் "சரி மாமா, சரி மாமா" என்று தலையாட்டினான்.

ஐந்தாவது நாள் அவள் அறைக்குள் போய்விட்டான். அதுவும் வலப்பக்கமாக, சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டைத் தப்புத் தப்பாகச் சீட்டியடித்துக்கொண்டு. நான் எதிர்வரிசையில் ஒரு குதிரையின் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஒரு உதை விழட்டும், பாடம் கற்றுக்கொள்ளட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் ஆவலாகவே பார்த்தேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

சீமாட்டி இரண்டடி எடுத்து வைத்து வந்து, தன் தாடையை அவன் தோளில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏழு வருடத்தில் அவள் எனக்கு அதைச் செய்ததில்லை. என் கையில் தின்பாள், என் சொல் கேட்பாள், நான் தேய்த்துவிட்டால் அசையாமல் நிற்பாள். தோளில் தலை வைத்ததில்லை. அது அவள் சுபாவம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

"என்ன மாமா, இவ இவ்ளோ சமத்தா இருக்கா? நீங்க சும்மா பூச்சாண்டி காட்டினீங்களா?" என்று அங்கிருந்தே கேட்டான். நான் சிரித்தேன். அன்று சாப்பிடும்போது அவன் அதைத் தன் அக்காவிடம் சொல்ல, அவளும் சிரித்தாள். "உங்களுக்கு ஏழு வருஷம் ஆச்சு, அவனுக்கு அஞ்சே நாள்" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தம்பி என்றால் உயிர். அவன் வந்த பிறகு வீட்டில் அவன் தட்டில்தான் முதலில் விழும். நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒன்றொன்றாக நடந்தது. அவன் சீட்டி கேட்டால் அவள் அறைக் கதவுக்கு மேல் கழுத்தை நீட்டிக் கனைப்பாள். நான் உள்ளே இருக்கும்போதே கனைப்பாள். தேய்த்துக்கொண்டிருக்கிற என் கையை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பிவிடுவாள். ஒரு நாள் முதலாளியம்மா வேலியோரம் நின்று, அவன் சீமாட்டியைச் சவாரி விடுவதைப் பார்த்தார். அவர் கண் கலங்கிப் போனது. என்னிடம் வந்து, "இனிமே சீமாட்டிய உங்க மச்சினனே முழுசா பாத்துக்கட்டும். உங்களுக்கும் வேலை கொஞ்சம் கொறையும்ல" என்றார். எனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் "சரிங்கம்மா" என்றேன்.

இதைப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அடுத்தவனிடம் இருக்கிறது நமக்கு இல்லையே என்று நினைத்தால் அது பொறாமை. இங்கே இருந்தது என்னுடையது. வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வேலையில் கை ஓடாமல், சேணத்துக்கு எண்ணெய் போட எடுத்த துணியை அரைமணி நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் என் பொருளை நான் திருப்பி எடுத்துக்கொள்ள நினைத்தேன். அவ்வளவுதான்.

ஆத்திரத்தில் செய்வதற்கும் யோசித்துச் செய்வதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு என்பார்கள். நான் யோசித்துத்தான் செய்தேன். ஒரு வாரம் யோசித்தேன்.

குதிரை மனிதனை முகத்தை வைத்து அறிவதைவிட வாசனையை வைத்து அதிகம் அறியும் என்பது என் அனுபவம். என் மச்சினனுக்குத் தோள்பட்டையில் பழைய வலி ஒன்று உண்டு. அதற்கு ஒரு தைலம் பூசுவான், நெடி பத்தடிக்கு வரும். வேலைக்குப் போடுகிற பழுப்புக் கோட்டு ஒன்று வைத்திருந்தான். அதில் அந்தத் தைலமும் அவன் வியர்வையும் சிகரெட்டும் ஊறிப் போயிருக்கும். வேலை முடிந்ததும் சேண அறையில் ஆணியில் மாட்டிவிட்டு வருவான். லாயத்தைக் காலையில் திறப்பது நான். மற்றவர்கள் வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

முதலில் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். அவன் தைலத்தைக் கொஞ்சம் கழுத்தில் பூசிக்கொண்டேன். கோணி ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டேன், தீவன மூட்டை தைப்பது, எல்லா லாயத்திலும் இருக்கும். அவள் அறைக்குள் வலப்பக்கமாகப் போனேன். வாயைத் திறக்கவில்லை, குரல் காட்டிக் கொடுத்துவிடும். முன்னங்காலுக்குப் பின்னால் பட்டை இறுக்குகிற இடத்தில் தோல் மெல்லிசாக இருக்கும். அங்கே இரண்டு குத்து. ஆழமாக இல்லை. அவள் சுவரில் போய் மோதிக்கொண்டு நின்றாள். வெளியே வந்து கோட்டை ஆணியில் மாட்டினேன். மறுபடி கை கழுவினேன். என் சட்டையில், இடப்பக்கமாக, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, கையில் கேரட்டோடு உள்ளே போனேன். "என்னம்மா, யாரு என்ன பண்ணாங்க?" என்று கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். நடுங்கிக்கொண்டே தின்றாள்.

பத்தொன்பது நாள் இப்படிச் செய்தேன். குதிரை பழக்குகிற எவரும் இதைத்தான் செய்கிறார்கள், ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து மனதில் பதிய வைப்பது. அந்த வாசனை என்றால் வலி, என் குரல் என்றால் ஆறுதல். ஒரு நாள்கூடத் தவறவில்லை, ஒரு நாள்கூடக் கோபத்தோடு குத்தவில்லை.

பலன் தெரிந்தது. மச்சினன் கிட்டே போனால் அவள் தோல் நடுங்க ஆரம்பித்தது. அவன் என்னிடமே வந்து யோசனை கேட்டான். "மாமா, கோட்டு போட்டுக்கிட்டு உள்ள போனா ஒதுங்கி ஒதுங்கிப் போறா. நான் ஏதாவது தப்புப் பண்றேனா?" கண் சிவந்திருந்தது. ராத்திரி தூங்கவில்லை போல.

"குதிரைக்கு ஒரு ஆளைப் புடிக்கலன்னா புடிக்கலதான் மாப்ள. வற்புறுத்தாத. வேற குதிரையப் பாரு" என்றேன்.

அவன் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் அவள் அறைக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார ஆரம்பித்தான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "அக்காதான் சொன்னா, நீங்க அப்படித்தான் உக்காந்தீங்களாம்" என்றான். நான் செய்தித்தாள் படித்தேன், இவன் சீட்டியடித்தான். பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ சாயங்காலம் எட்டிப் பார்த்தபோது, அதே கோட்டோடு அவன் நிற்க, அவள் அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டிருந்தாள். காதைத் தொங்கவிட்டு, ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, அரைத் தூக்கத்தில் இருந்தாள். மறுநாள் இரண்டுக்குப் பதிலாக நான்கு குத்தினேன்.

இந்த நாட்களில் அவள் என்னிடமும் கொஞ்சம் விலகி நின்றாள் என்பதை மறைக்க விரும்பவில்லை. என் சட்டையில், என் குரலில் போனாலும் மூலைக்குப் போய்விடுவாள். கேரட்டை நீட்டினால் உடம்பைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி எடுப்பாள். ஒரு தடவை கேரட்டைத் தொடவே இல்லை, கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. சோப்பு சரியில்லை என்று நினைத்து வேறு சோப்பு மாற்றினேன். அவன் வாசனை என் கையில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். வேறு காரணம் இருக்க முடியாது.

இனி அந்த நாள். காலையில் தூறல் போட்டு முற்றத்துச் சிமெண்டு ஈரமாக இருந்தது. மச்சினன் சீமாட்டியை மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் தலையைப் பிடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். நான் பிடித்துக்கொண்டேன். அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் அசையவில்லை. அவன் குனிந்து அவள் கழுத்தைத் தட்டிக் கொடுத்தான். "பட்டை கொஞ்சம் லூசா இருக்கு மாமா, ஒரு இறுக்கு இறுக்குங்களேன்" என்றான். நான் ஒரு கையால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைப் பட்டையில் வைத்தேன்.

அவள் நேராக மேலே எழும்பினாள். கடிவாளம் என் கையை அறுத்துக்கொண்டு போனது, தழும்பை நீங்கள் பார்த்தீர்கள். பின்னங்கால் இரண்டும் ஈரத்தில் வழுக்கின. அப்படியே மல்லாந்து, பாதி உடம்பு அவன் மேலும் பாதி தரையிலுமாக விழுந்தாள். அவன் இடுப்புக்குக் கீழே அன்றிலிருந்து உணர்ச்சி இல்லை. இனி வராது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பின்னங்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. டாக்டர் வந்து ஊசி போட்டு முடித்துவைத்தார். அவள் தலை என் மடியில் இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். தலையைத் தூக்கித் தூக்கித் திருப்பிக்கொண்டாள். வலியில் அப்படித்தான் செய்யும்.

இவன் விழ வேண்டும், முதுகு ஒடிய வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. அவளை விட்டு விலகினால் போதும் என்றுதான் இருந்தேன். விழுந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், முதலில் அவள் கால்தான் என் கண்ணில் பட்டது. அவனைப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மதியம் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "எனக்கு ஒண்ணும் ஓடல. அவள வளத்தது நீங்க. பொதைக்கிறதா எரிக்கிறதா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். கூடவே, உங்கள் அலுவலகத்தில் இருந்து பேசினார்கள், நாளை மறுநாள் வந்து பார்க்கும்வரை உடலை அப்படியே வைக்கச் சொன்னார்கள் என்பதையும் சொன்னார். ஆக, தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

எரித்துவிடலாம் என்றேன். ஊசி மருந்து உடம்பில் இருக்கிறது, புதைத்தால் நாய் தோண்டித் தின்று சாகும். மைதானத்து ஓரத்தில் ஆறடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். வெயில் ஏறினால் நாளைக்கே நாற்றம் தாங்காது, பிள்ளைகள் சவாரிக்கு வருகிற இடம். எல்லாம் உண்மை. முதலாளியம்மா தலையாட்டினார். விசாரிக்க வருகிற உங்களுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனேன். மச்சினனுக்கு அப்போதுதான் நினைவு தெளிந்திருந்தது. மனைவி அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா சொல்லிட்டா மாமா. சீமாட்டி போயிட்டாளாமே" என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டான். "அவள எரிச்சுடாதீங்க. மைதானத்து ஓரமா, அந்த வேலிகிட்ட பொதைச்சிடுங்க. என்னைக்காவது வண்டியில வெச்சாவது தள்ளிக்கிட்டு வந்தீங்கன்னா, பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவேன்."

"சரி மாப்ள, நீ நிம்மதியா தூங்கு" என்றேன்.

அந்த இடத்தில்தான் என் முடிவு உறுதியானது. அதுவரை கோணி ஊசி குத்திய அடையாளம்தான் என் கவலை. அதை மட்டும் நினைத்திருந்தால் வேறு வழியும் பார்த்திருக்கலாம், அன்றே குழி தோண்டி மூடியிருக்கலாம். ஆனால் வேலியோரம் ஒரு மேடு, அதன் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இவன், சீட்டியடித்துக்கொண்டு. செத்த பிறகும் அவனுக்கு அவள் கிடைப்பாள். வருடக்கணக்கில், மழையோ வெயிலோ, போய் உட்கார அவனுக்கு ஒரு இடம் இருக்கும். மருத்துவமனைப் படிக்கட்டில் நின்றே விலங்குகளை எரிக்கும் இடத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். மறுநாள் காலை வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். நீங்கள் கேட்ட காரணம் இதுதான். மூன்று கோட்டில் அடங்காது என்று நான் சொன்னது சரிதானே.

உலையில் இரும்பு போகக் கூடாது, லாடத்தைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும். காலையில் லாடம் அடிப்பவர் வந்தார். எனக்கு அவர் இருபது வருடப் பழக்கம். முன்னங்கால் பக்கம் மண்டியிட்டவர் கொஞ்ச நேரம் எழவே இல்லை.

"இதென்ன, புள்ளி புள்ளியா?" என்றார்.

"ஈ."

"ஈ இப்படியா ஒரே எடத்துல கடிக்கும்?"

"கடிக்கும்" என்றேன்.

அவர் நாலாவது லாடத்தையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். உங்களிடம் அவர் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டாலும் அவர் மேல் தப்பு இல்லை.

ஒரு குதிரை எரிய ஆறேழு மணி நேரம் ஆகும் என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். "போயிட்டு நாளைக்கு வாங்க" என்றார் உலைக்காரர். நான் இருக்கிறேன் என்றேன். ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். சுவரில் லேசான சூடு வந்தது, அதில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், மனதுக்கு நிறைவாக இருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளும் நானும் மட்டும் இருந்தோம். யாரும் சீட்டியடிக்கவில்லை.

சாம்பல் இரண்டு தகர டின் நிறைய வந்தது. தீவன அறையில், என் பூட்டுக்குள் வைத்திருக்கிறேன். எரித்துவிட்டேன் என்று தெரிந்ததும் மச்சினன் ரொம்ப அழுதான். என்னைத் திட்டவில்லை. "நீங்க யோசிச்சுத்தான் செஞ்சிருப்பீங்க மாமா. எனக்கு ஒரு பிடி மட்டும் குடுங்க, போதும்" என்றான். லாயத்துக்குப் பின்னால் பழைய வைக்கோலைக் கொளுத்துகிற குழியில் இருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன். என் மனைவி அதை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு அவன் கட்டிலருகே வைத்திருக்கிறாள். அதன் மேல் கை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான். அதனால் அவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, தூக்கம் வருகிறது.

இவ்வளவையும் ஏன் இப்போது எழுதித் தருகிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். ஊசி அடையாளம் போய்விட்டது, லாடக்காரர் பேச்சைத் தவிர உங்களிடம் ஒன்றும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் முடிந்தது. மனசாட்சி உறுத்துகிறது என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரியில்லை. எனக்கு நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன்.

காரணம், என் மச்சினன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற கதை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் படுத்தபடியே சொல்கிறான். "அவ நேரா எம்மேல விழுந்திருந்தா நான் அங்கயே செத்திருப்பேன். விழும்போதே உடம்பத் திருப்பினா. நான் கண்ணால பாத்தேன். என்னைக் காப்பாத்தப் போய்த்தான் அவ கால் ஒடிஞ்சுது." கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். என் மனைவி தினமும் ஒரு தடவையாவது அதைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். முதலாளியம்மா பள்ளி வாசலில் ஒரு பலகை வைக்கப் போகிறார், சீமாட்டியின் படமும் அவன் படமும் பக்கத்தில் பக்கத்தில். இவனுக்காக உயிரைக் கொடுத்தாள் என்று கீழே எழுதப் போகிறார்களாம். எழுத்து எப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று என்னிடமே கேட்டார்.

மற்ற எதையும் தாங்கிக்கொள்வேன். இதை முடியாது. அவள் அவனுக்காகச் சாகவில்லை. அவனைக் கண்டு மிரண்டுதான் எழும்பினாள். அவனை வெறுக்க நான் அவளுக்குப் பத்தொன்பது நாள் கற்றுக் கொடுத்திருந்தேன், அவள் கற்றுக்கொண்டாள். இதற்காக எனக்கு என்ன தண்டனை என்றாலும் சரி. ஆனால் உங்கள் அறிக்கையில் அந்த வரி இருக்க வேண்டும். அந்தப் பலகையை மாட்டுவதற்கு முன்னால் அதை முதலாளியம்மாவிடம் காட்டிவிடுங்கள்.

என் மனைவியையும் நீங்கள் விசாரிப்பீர்கள். அவள் ஒரு விஷயம் சொல்வாள், அதற்கு முன்கூட்டியே பதில் எழுதிவிடுகிறேன். நேற்று துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்குப் பாத்து அந்தப் பழுப்புக் கோட்ட வீட்டுக்கு எடுத்துட்டு வரச் சொல்லித் துவைக்கப் போட்டுட்டேங்க. முந்தின ராத்திரியே சட்டையில இருந்து எல்லாத்தையும் ஊறப் போட்டேன். பொட்டி பிரிக்காத புதுச் சட்டையில போனான். வலி இல்லக்கான்னு தைலம்கூடப் பூசிக்கல." அப்படியானால் அன்று அந்த வாசனையே அவனிடம் இல்லையே என்று நீங்கள் கேட்கக்கூடும். அவன் ஏறி உட்கார்ந்து கழுத்தைத் தட்டும்வரை அவள் சும்மாதானே நின்றாள் என்றும் கேட்கக்கூடும்.

இதையெல்லாம் நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். துவைத்தாலும் ஒரு மனிதனின் வாசனை தோலில் இருக்கும், எங்கே போகும். பயமும் சில சமயம் தாமதமாகத்தான் வெளியே வரும். அவள் எழும்பிய அந்த நொடியில் அவளைத் தொட்டுக்கொண்டிருந்தது என் கைதானே என்று யாராவது உங்களிடம் சொன்னால், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வேறு யாருடைய கையாக இருந்தாலும் சந்தேகப்படலாம். அது ஒன்பது வருடமாக அவளுக்கு நன்றாகத் தெரிந்த கை.